நூற்று ஐந்தா? ஆயிரத்து ஐந்தா?

(மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பிரிவு)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கச் செயலாளர் என்னைப் பிடித்துக்கொண்டபோது, எனக்குக் கவிதை வராது, கதையும் வராது என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். "உனக்கு என்ன வருமோ அதை எழுது" என்று சொல்லிவிட்டார். யோசித்துப் பார்த்தேன். கடந்த ஒரு வருஷத்தில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். அது நம் கல்லூரிப் பாடம் இல்லை; மூன்றாம் வகுப்புக் கணக்கு. ஒன்று, பத்து, நூறு என்கிற இடமதிப்பு! சிரிக்காதீர்கள். டிப்ளமோ படிக்கிறவனுக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். எனக்கும் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் ஆரணிப் பக்கம். அரிசி ஆலைகளும் பட்டுத் தறிகளும் நிறைந்த பகுதி. அப்பா ஆலைகளில் மூட்டை தூக்குகிற தொழிலாளி. அம்மா நடவு, களையெடுப்பு என்று கிடைத்த வேலைக்குப் போவாள். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காதவர்கள். எங்கள் பரம்பரையிலேயே பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான்தான். அதனால் தெருவில் எனக்கு ஒரு தனி மரியாதை. யாருக்குக் கடிதம் வந்தாலும், கரண்ட் பில் வந்தாலும், ரேஷன் கார்டில் பேர் சேர்க்க வேண்டுமென்றாலும் "பாலிடெக்னிக்கைக் கூப்பிடு" என்பார்கள். என் பேரே பாலிடெக்னிக் ஆகிவிட்டது!

போன கோடை விடுமுறையில் அம்மாதான் ஆரம்பித்து வைத்தாள். "சும்மாத்தானே சுத்தினு இருக்கற? நம்ம தெரு புள்ளைங்களுக்கு நாலு எழுத்து, கணக்கு சொல்லிக் குடேன். உனக்கு ஒருத்தர் சொல்லிக் கொடுத்ததாலதானே நீ இந்த அளவுக்கு வந்த?" என்றாள். மாரியம்மன் கோயில் மண்டபத்தில் சாயங்காலம் ஆறு மணிக்குப் பன்னிரண்டு பிள்ளைகள் கூடிவிட்டார்கள். இரண்டாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை. சட்டையை இன் பண்ணிக்கொண்டு, கையில் சாக்பீஸோடு நான் போய் நின்றேன். எனக்கே என்னைப் பார்க்கப் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் பெருமை இரண்டு நாள்தான் நீடித்தது.

அதில் நாலாம் வகுப்பு படிக்கிற ஒரு சிறுமி. அவள் அம்மா தெருமுனையில் இட்லிக்கடை வைத்திருக்கிறார். இட்லிக்கடைப் பாப்பா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். சொல்வதெழுதுதல் மாதிரி நான் எண்களைச் சொல்ல, பிள்ளைகள் சிலேட்டில் எழுத வேண்டும். இருபத்தேழு, சரி. அறுபத்து மூன்று, சரி. நூறு, சரி. "நூற்று ஐந்து" என்றேன். பாப்பா எழுதினாள்: 1005.

"தப்பு. நூற்று ஐந்துன்னா 105. ஒன்று, சைபர், ஐந்து" என்று சொல்லிக் கொடுத்தேன். தலையாட்டினாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் கேட்டேன். திரும்பவும் 1005. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நாளைக்கு வரும்போது 105ன்னு ஐம்பது தடவை எழுதிட்டு வா" என்றேன். நாம் வாங்கிய இம்போசிஷனை நாம் ஒரு தடவையாவது யாருக்காவது கொடுக்க வேண்டாமா!

மறுநாள் ஐம்பது தடவையும் அழகாக எழுதிக்கொண்டு வந்தாள். ஒரு பிழை இல்லை. நான் திருப்தியோடு, "இப்போ நூற்று ஆறு எழுது பார்க்கலாம்" என்றேன்.

1006 என்று எழுதினாள்.

மற்ற பிள்ளைகள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். நானும் சேர்ந்து, "மண்டையில என்ன களிமண்ணா வச்சிருக்க?" என்று கத்திவிட்டேன். அவள் அழவில்லை. சிலேட்டை எடுத்துப் பைக்குள் வைத்தாள். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

மூன்றாம் நாள் இரவு சாப்பிடும்போது அப்பா கேட்டார். "இட்லிக்கடைப் பொண்ணு ஏன்டா வரல?"

"அதுக்குப் படிப்பு ஏறாதுப்பா. நூத்தி அஞ்சை ஆயிரத்தி அஞ்சுன்னு எழுதுது."

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "நீயும் அப்படித்தான்டா எழுதின" என்றார்.

எனக்குக் கையில் எடுத்த கவளம் வாய்க்குப் போகவில்லை. மறந்தே போயிருந்தேன். இல்லை, மறந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது நானும் நாலாம் வகுப்புதான். ஒரு சனிக்கிழமை. அப்பாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு ஓர் ஆலைக்குப் போயிருந்தேன். லாரியில் மூட்டை ஏற்றி முடித்திருந்தார்கள். எத்தனை மூட்டை என்று சீட்டு எழுதிக் கொடுத்தால்தான் கணக்குப்பிள்ளை கூலி தருவார். எப்போதும் சீட்டு எழுதுகிற மேஸ்திரி அன்றைக்கு வரவில்லை. "என் புள்ள எழுதுவான்" என்று அப்பா என்னை முன்னால் இழுத்து நிறுத்தினார். அத்தனை பேர் முன்னாலும் அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்! "நூத்தி எட்டு மூட்டைன்னு எழுதுப்பா" என்றார். நானும் எழுதினேன்: 1008.

சீட்டைப் பார்த்த கணக்குப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. "ஒரு லாரியில ஆயிரத்தெட்டு மூட்டையா? யாரை ஏமாத்தப் பார்க்கறீங்க? இவ்வளவு பேராசை கூடாதுய்யா" என்றார். அப்பா நூற்றெட்டுதான் என்று வாயால் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. திரும்ப எண்ணிக் காட்டினால்தான் கூலி என்று சொல்லிவிட்டார். ஏற்றி அடுக்கிய மூட்டைகளைப் பாதிக்கு மேல் இறக்கி மறுபடி எண்ணினார்கள். நூற்றெட்டுதான் இருந்தது. அதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. கூட வேலை செய்தவர்கள் முணுமுணுத்தார்கள். அப்பா எல்லோரிடமும், "புள்ள மேல தப்பில்ல. நான்தான் தப்பா சொல்லிட்டேன்" என்றார். வரும் வழியில் எனக்கு ஒரு பன் வாங்கிக் கொடுத்தார். அதைப் பற்றி அன்றைக்கும் பேசவில்லை, அதற்குப் பிறகும் பேசவில்லை. இந்த ஒரு ராத்திரி வரை.

நண்பர்களே, அந்த நிமிஷத்தில் எனக்கு இரண்டு விஷயம் உறைத்தது. நான் செய்த அதே தப்புக்காகத்தான் ஒரு குழந்தையைப் பத்துப் பேர் முன்னால் அவமானப்படுத்தியிருக்கிறேன் என்பது ஒன்று. இரண்டாவது, நான் அந்தத் தப்பை எப்போது, எப்படித் திருத்திக்கொண்டேன் என்று எனக்கே தெரியவில்லை என்பது. ஆயிரம், நூறு, பத்து, ஒன்று என்று கட்டம் போட்டு ஆசிரியர் எழுதச் சொன்னார், எழுதினேன். எழுதி எழுதிக் கை பழகிவிட்டது. ஏன் நடுவில் ஒரு சைபர் வருகிறது என்று யாராவது கேட்டிருந்தால், "அது அப்படித்தான்" என்பதைத் தவிர என்னிடம் பதில் இருந்திருக்காது.

"அப்பா, உனக்கு எழுதத் தெரியாது. அன்னிக்கு நூத்தி எட்டுன்னு மட்டும் எப்படி அவ்வளவு உறுதியா சொன்ன?" என்று கேட்டேன்.

"எண்ணத் தெரியாதவன் மூட்டை தூக்க முடியுமா?" என்று சிரித்துவிட்டு, எழுந்து போய் அடுக்களையிலிருந்து ஒரு பிடி புளியங்கொட்டை எடுத்து வந்தார். மூட்டை போகப் போக விரலில் எண்ணுவாராம். பத்து ஆனதும் ஒரு புளியங்கொட்டையை மடியில் போட்டுக்கொண்டு, விரலை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். மடியில் பத்துக் கொட்டை சேர்ந்துவிட்டால் அதையெல்லாம் எடுத்துவிட்டு, சட்டைப் பையில் ஒரு கூழாங்கல். அவ்வளவுதான்!

"அன்னிக்குப் பையில ஒரு கல்லு. மடி காலி. விரல் எட்டு. நூத்தி எட்டு சரியா?" என்றார்.

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பை ஒன்று, மடி காலி, விரல் எட்டு. 1, 0, 8. என் அப்பா வருஷக்கணக்காக இடமதிப்பைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார், அதற்கு இடமதிப்பு என்று பேர் இருப்பது தெரியாமலே! அந்தச் சைபர் என்பது வேறொன்றும் இல்லை. அது காலி மடி. காலியாக இருந்தாலும் அது அங்கே இருக்கிறது என்று சொல்லத்தான் அந்தச் சுழி.

மறுநாள் காலை இட்லிக்கடைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஆனால் கூட்டமாக இருந்ததால் ஓரமாக நின்றேன். பாப்பாதான் காசு வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒருவர் பார்சல் வாங்கிக்கொண்டு இருநூறு ரூபாய்த் தாளை நீட்டினார். "நூத்தி அஞ்சு ஆச்சுண்ணா" என்று சொல்லிக்கொண்டே ஐம்பது ஒன்று, இருபது இரண்டு, ஐந்து ரூபாய் நாணயம் ஒன்று எடுத்துக் கொடுத்தாள். தொண்ணூற்றைந்து! கண்ணை மூடித் திறப்பதற்குள். இவள் மண்டையிலா களிமண்? நூற்று ஐந்து எவ்வளவு என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அதை எப்படி எழுதுவது என்பதுதான் தெரியாது. இந்த இரண்டும் வேறு வேறு என்று தெரியாமல் போனது யார் தப்பு?

"பாப்பா, அண்ணன் அன்னிக்குத் திட்டுனது தப்பு. சாயங்காலம் வா. உனக்கு இல்ல, எனக்கே பாடம் தெரியல" என்றேன். அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். அவள் அம்மா, "வருவா, நீ போ தம்பி. ரெண்டு இட்லி சாப்டுட்டுப் போ" என்றார்.

அன்று முதல் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டேன். வீட்டில் இருந்த இரண்டு துடைப்பங்களைப் பிரித்து ஈர்க்குச்சிகளை எடுத்தேன். (அதற்கு அம்மாவிடம் வாங்கிக்கட்டிக்கொண்டது தனிக் கதை!) பிள்ளைகள் எண்ணிப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினார்கள். பத்துக் கட்டுகளைச் சேர்த்து ஒரு பெரிய கட்டு. "நூற்று ஐந்து எடு" என்றால் ஒரு பெரிய கட்டும் ஐந்து உதிரிக் குச்சியும். "நூற்றைம்பது எடு" என்றால் ஒரு பெரிய கட்டும் ஐந்து சின்னக் கட்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் பல பிள்ளைகளுக்கு, 'அட, ஐந்து என்றால் எந்த ஐந்து?' என்ற கேள்வியே வந்தது. அந்தக் கேள்வி வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இரண்டாவது வாரம் அப்பாவின் முறை. மூன்று கொட்டாங்குச்சிகளை வரிசையாக வைத்தோம். வலது ஓரம் ஒன்று, நடுவில் பத்து, இடது ஓரம் நூறு. இங்கே கட்டும் கிடையாது, கல்லும் கிடையாது. எல்லாம் ஒரே மாதிரிப் புளியங்கொட்டை. வலது கொட்டாங்குச்சியில் பத்து சேர்ந்ததும் அத்தனையும் எடுத்துவிட்டு, பக்கத்துக் கொட்டாங்குச்சியில் ஒன்று போட வேண்டும். அதே கொட்டைதான், ஆனால் உட்கார்ந்த இடத்துக்குத் தகுந்த மதிப்பு! "நாற்காலி மாறினா மரியாதை மாறுற மாதிரி" என்று ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் சொன்னான். எனக்கு அவனிடம் பேச வேறு வார்த்தை இல்லை.

ஆனால் இங்கே ஒன்று கவனித்தேன். குச்சிக் கட்டைச் சரியாகச் செய்யாமல் நேராகக் கொட்டாங்குச்சிக்கு வந்த பிள்ளைகள் தடுமாறினார்கள். நடுக் கொட்டாங்குச்சியில் இருக்கும் ஒரு கொட்டைக்குள் பத்து ஒளிந்திருக்கிறது என்று அவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. கட்டைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த நம்பிக்கை வந்தது. அதனால் அவர்களைத் திரும்பவும் குச்சிக்கே அனுப்பினேன். அவசரப்பட்டால் ஆகாது. பள்ளிக்கூடத்தில் இருக்கும் ஆணிமணிச்சட்டமும் இதே வேலையைத்தான் செய்கிறது. எங்கள் கோயில் மண்டபத்தில் அது இல்லை, கொட்டாங்குச்சி இருந்தது.

கழித்தலுக்கு வந்தபோது இன்னொரு வேடிக்கை. "பக்கத்து வீட்டில் கடன் வாங்கு" என்றுதானே நாமெல்லாம் படித்தோம்? அப்படியே சொன்னேன். ஒரு பையன் கேட்டான்: "அண்ணா, கடன் வாங்கினா எப்போ திருப்பித் தரணும்?" பதில் சொல்ல முடியவில்லை. உண்மையில் அது கடனே இல்லை. சில்லறை மாற்றுவது! 302இல் 148ஐக் கழிக்க வேண்டும். உதிரி இரண்டுதான் இருக்கிறது; எட்டு எடுக்க முடியாது. பக்கத்தில் போனால் அங்கே சைபர். சரி, அடுத்தது. ஒரு பெரிய கட்டைப் பிரித்தால் பத்துச் சின்னக் கட்டு. அதில் ஒன்றைப் பிரித்தால் பத்து உதிரி. இப்போது இரண்டு பெரிய கட்டு, ஒன்பது சின்னக் கட்டு, பன்னிரண்டு உதிரி. மொத்தம் அதே 302தான், ஒரு குச்சி கூடக் குறையவில்லை. இனி தாராளமாக எடுக்கலாம். விடை 154. நூறு ரூபாய்த் தாளைப் பத்துப் பத்து ரூபாயாக மாற்றுவது பாப்பாவுக்குத் தினசரி வேலை. அவள்தான் மற்ற பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தாள்.

இதற்கிடையில் வேறொரு சிக்கலும் தெரிய வந்தது. மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் தொள்ளாயிரத்தை 9000 என்று எழுதினான். இந்த முறை நான் திட்டவில்லை. ஏன்டா என்று கேட்டேன். "அதுலதான் ஆயிரம் வருதே!" என்றான். யோசித்துப் பாருங்கள், நியாயம்தானே! எண்பது, எண்ணூறு என்று எட்டு ஒழுங்காக நடக்கிறது. ஒன்பது மட்டும் தகராறு. தொண்ணூறில் நூறு ஒலிக்கிறது, ஆனால் அது நூறை எட்டவில்லை. தொள்ளாயிரத்தில் ஆயிரம் ஒலிக்கிறது, ஆனால் அது ஆயிரத்தை எட்டவில்லை. பிறந்ததிலிருந்து தமிழ் பேசுகிற நாம் இதைக் கவனித்ததே இல்லை. காதால் கேட்டு எழுதுகிற குழந்தைதான் கவனிக்கிறது.

அதே மாதிரி "நூற்று ஐந்து" என்று சொல்லும்போது நூறு காதில் விழுகிறது, ஐந்து காதில் விழுகிறது. நடுவில் இருக்கும் 'பத்து இல்லை' என்பது காதில் விழுவதே இல்லை. பாப்பா கேட்டதை அப்படியே எழுதினாள். 100, அதன் பக்கத்தில் 5.

இதைப் பற்றி நம் நூலகத்தில் தேடிப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் முன்னோர்களும் ஏறக்குறைய அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள்! பழைய தமிழ் எண்களில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறிகள் உண்டு. 235 என்பதை ௨௱௩௰௫ என்று எழுதுவார்கள். இரண்டு நூறு, மூன்று பத்து, ஐந்து. படிக்கிற மாதிரியே எழுத்து. நூற்று ஐந்து என்றால் ௱௫. பத்து இல்லையென்றால் ௰ போடாமல் விட்டுவிடலாம். சைபருக்கு வேலையே இல்லை. ஆக, பாப்பா எழுதிய 1005க்குப் பின்னாலும் ஒரு கணக்கு இருக்கிறது. குறி மாறிவிட்டது, வழக்கம் மாறிவிட்டது, அவ்வளவுதான். இதற்கா நான் களிமண் என்றேன்!

ஒரு குறியின் மதிப்பை அதன் இடமே சொல்லும், காலி இடத்துக்கும் ஒரு சுழி வேண்டும் என்கிற யோசனை மனித குலத்துக்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை. 499ஆம் ஆண்டு வாக்கில் ஆரியபட்டர் ஒவ்வொரு இடமும் முந்தைய இடத்தைப் போலப் பத்து மடங்கு என்று சொல்லிவைத்தார். 628இல் பிரம்மகுப்தர் சைபரைக் கூட்டவும் கழிக்கவும் விதி எழுதினார். குவாலியரில் 876ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்றில் 270 என்ற எண் சுழியோடு இன்றும் இருக்கிறது. இந்த முறை அரபு நாடுகள் வழியாக ஐரோப்பாவுக்குப் போய், 1202இல் இத்தாலியில் ஃபிபொனாச்சி அதைப் பற்றிப் புத்தகம் எழுத வேண்டியிருந்தது. அதுவரை அவர்கள் ரோமன் எண்ணோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். பெரிய பெரிய அறிஞர்கள் நூற்றாண்டுக் கணக்கில் எடுத்துக்கொண்ட விஷயத்தை எட்டு வயதுக் குழந்தை ஒரே சாயங்காலத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அது மக்கு! என்ன நியாயம் நண்பர்களே இது?

இனி நம் கல்லூரிக்கு வருகிறேன். விடுமுறை முடிந்து வந்ததும் டிஜிட்டல் லேபில் 7490 ஐ.சி. இரண்டை வைத்து 00 முதல் 99 வரை எண்ணும் கவுண்ட்டர் சோதனை. நான் இணைத்த சர்க்யூட்டில் முதல் டிஸ்ப்ளே அழகாக 9 வரை போகும், திரும்ப 0 ஆகிவிடும். இரண்டாவது டிஸ்ப்ளே 0இலேயே நிற்கும். பத்து, இருபது, முப்பது பல்ஸ் கொடுத்தும் நகரவில்லை. என் கூட்டாளி ஐ.சி. போய்விட்டது என்றான். நான் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டேன். முதல் ஐ.சி.யின் கடைசி அவுட்புட்டிலிருந்து இரண்டாவது ஐ.சி.யின் கிளாக் முனைக்குப் போக வேண்டிய ஒயரையே கொடுக்கவில்லை! விரல் பத்தானதும் விரலை மடக்கிவிட்டோம். ஆனால் மடியில் கொட்டை போடவில்லை. முதல் ஐ.சி. 9இலிருந்து 0க்கு விழும்போது அந்த அவுட்புட் 1இலிருந்து 0க்கு இறங்குகிறது. அந்த இறக்கம்தான் அடுத்த ஐ.சி.க்கு விழுகிற புளியங்கொட்டை. ஒயரைக் கொடுத்தேன். 09க்கு அப்புறம் 10 வந்தது.

பைனரியும் அப்படியே. எனக்கு இரண்டாம் ஆண்டு ஆரம்பத்தில் 8, 4, 2, 1 என்பதெல்லாம் மனப்பாடம்தான். இப்போது யோசித்தால், கொட்டாங்குச்சி அதேதான், பத்து சேர்ந்தால் மாற்றுவதற்குப் பதில் இரண்டு சேர்ந்தாலே மாற்ற வேண்டும். அவ்வளவே வித்தியாசம். இடமதிப்பை மூன்றாம் வகுப்பில் மனப்பாடம் செய்தவன், கல்லூரியில் வந்து பைனரியையும் மனப்பாடம் செய்கிறான். நம்மில் எத்தனை பேர் அப்படி என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்!

எல்லாம் வெற்றி என்று சொல்ல மாட்டேன். தொள்ளாயிரத்தை 9000 என்று எழுதிய பையன் பாதியிலேயே நின்றுவிட்டான். அவன் அப்பா அம்மா செங்கல் சூளை வேலைக்கு வெளியூர் கிளம்பியபோது அவனையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவன் கட்டிய பத்துக் கட்டு இன்னும் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. அவன் போன ஊரில் யாராவது அவனை 'ஏன்டா அப்படி எழுதின?' என்று கேட்பார்களா, இல்லை, களிமண் என்பார்களா என்று நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது.

மண்டபத்தில் வகுப்பு நடக்கும்போது அப்பா வேலை முடிந்து வந்து தூணில் சாய்ந்து உட்காருவார். ஒருநாள் திடீரென்று, "பாப்பா, நூத்தி எட்டு எழுது" என்றார். எனக்குப் பக்கென்றது. வேறு எந்த எண்ணும் கிடைக்கவில்லையா இவருக்கு? பாப்பா சிலேட்டில் எழுதி அவரிடம் நீட்டினாள். அப்பாவுக்கு எண் படிக்கத் தெரியாது. இருந்தாலும் சிலேட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நடுவில் இருந்த சுழியின் மேல் விரலை வைத்து, "இதுதான் காலி மடியா?" என்று கேட்டார்.

"ஆமா மாமா."

"அது பின்னால எட்டு?"

"ஆமா."

"சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிச் சிலேட்டைத் திருப்பிக் கொடுத்தார். என் பக்கம் திரும்பவில்லை. நான் மற்ற பிள்ளைகளின் சிலேட்டைத் திருத்துவது போலக் குனிந்துகொண்டேன்.

நண்பர்களே, நம்மில் பலரும் என்னைப் போலக் குடும்பத்தில் முதல் ஆளாகப் படிக்க வந்தவர்கள். நமக்குத் தெரிந்ததெல்லாம் கல்லூரியில் வந்ததுதான் என்று நினைத்துக்கொள்கிறோம். வரும் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் தெருவில் நாலு பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வையுங்கள். பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஒரு துடைப்பம், கொஞ்சம் ரப்பர் பேண்ட், மூன்று கொட்டாங்குச்சி, ஒரு பிடி புளியங்கொட்டை. முதலில் கட்டச் சொல்லுங்கள், அப்புறம் கொட்டாங்குச்சி, கடைசியில்தான் சிலேட்டு. தப்பாக எழுதினால் ஏன் என்று கேளுங்கள். அந்தக் குழந்தையிடம் கட்டாயம் ஒரு காரணம் இருக்கும். அப்படியே உங்கள் அப்பா செங்கல்லை எப்படி எண்ணுகிறார், உங்கள் அம்மா பூவை எப்படி எண்ணுகிறார் என்றும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

நான் கேட்பதற்குப் பதினேழு வருஷம் ஆகிவிட்டது.